மாடலா... மாதிரியா?



இந்த மலர் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்க கிளாஸ் குரூப் போட்டோவைத் தேடுவீர்கள். அப்புறம் ஜோக்ஸ். கட்டுரைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் விளம்பரப் பக்கங்களுக்குப் போய்விடுவீர்கள். போங்க, தப்பில்லை. ஆனால் அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். எந்த வருஷத்து மலரை எடுத்தாலும் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றாவது இருக்கும். அதில் ஒரு பெண் பட்டுப்புடவையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தை நம்ம காலேஜ் பஸ்ஸிலோ, செம்பட்டி பஸ் ஸ்டாண்டிலோ, உங்க ஊர் வாரச் சந்தையிலோ என்றைக்காவது பார்த்ததுண்டா?

நான் பெரும்பாறைக்காரி. எங்கள் ஊரில் காப்பியும் மிளகும்தான் வாழ்க்கை. காப்பிக்கொட்டையை விற்க அப்பா பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும்போது ஒரு சின்னப் பையில் 'மாதிரி' எடுத்துப் போவார். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விலை சொல்வார். பிறகு மூட்டை போய்ச் சேரும்போது அதையும் அவிழ்த்துப் பார்ப்பார். மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறொன்றாகவும் இருந்தால் அன்றோடு அப்பாவின் பேர் கெட்டது. "பொறுக்கி எடுத்த கொட்டையை மட்டும் காட்டுனீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். மலையில் எத்தனையோ ஏமாற்று நடக்கும், ஆனால் மாதிரியில் கை வைக்கிறவனை ஊரே மதிக்காது.

நம்ம சிவில் லேபிலும் இதே கதைதானே! 150 மி.மீ. கான்கிரீட் கனசதுரம் போடுகிறோம், 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்துப் பார்க்கிறோம். சைட்டில் கொட்டுகிற கலவையிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். கியூபுக்கு மட்டும் சிமெண்ட்டைத் தாராளமாகப் போட்டு, தூணுக்கு மணலைக் கொட்டுகிற கான்ட்ராக்டரை நாம் என்னவென்று சொல்வோம்?

ஆங்கிலத்தில் 'மாடல்', தமிழில் 'மாதிரி'. தமிழில் அந்தச் சொல்லுக்கு 'போல' என்றும் பொருள் உண்டு. துணிக்கடையின் மாடல் யார் மாதிரி? நம்ம மாதிரி இல்லை. என் கேள்வி அவ்வளவுதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இரண்டு தீபாவளிக்கு முன்னால் அம்மாவும் நானும் திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். (கடைப் பேர் வேண்டாம்.) வாசல் பேனரில் ஒரு பெண் மாம்பழ மஞ்சளில் சுடிதார் போட்டிருந்தாள். அதே துணி மூன்றாவது மாடியில் கிடைத்தது. ஆசையாக எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். விற்பனைக்கு நின்ற அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கச்சி, இது உனக்கு எடுக்காதும்மா. கலர் கம்மியா இருக்கிறவங்களுக்கு டல்லடிக்கும். இந்த லைட் ரோஸ் பாரேன்." அம்மா உடனே, "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தினமும் பாக்குறவங்க" என்று ரோஸை வாங்கி பில் போட அனுப்பிவிட்டார்கள்.

'கலர் கம்மி!' என்ன ஒரு வார்த்தை பாருங்கள். கடவுள் எனக்கு மட்டும் பெயிண்ட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாரா? கறுப்பு கலர் இல்லையா? இதில் கொடுமை என்னவென்றால், அந்த அக்காவும் என் நிறம்தான். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வாசலில் தொங்குகிற பேனரைத் தினமும் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர், அது சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார்.

கொஞ்சம் யோசியுங்கள். நம்ம மாவட்டத்திலேயே வேடசந்தூர் பக்கம் மில்லில் நூல் நூற்கிறவர்கள் யார்? சின்னாளபட்டியில் சேலை நெய்து சாயம் போடுகிறவர்கள் யார்? திருப்பூரில் தைக்கிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள், கடையில் மடித்து அடுக்குகிறவர்கள், பில் போடுகிறவர்கள், கடைசியில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்... அத்தனை பேரும் நம்ம நிறம், நம்ம உயரம், நம்ம முகம். போட்டோ எடுக்கிற அந்த ஒரு நாள் மட்டும் வேறு ஆள் வந்துவிடுகிறார்!

"கனவைத்தான்டி விக்கிறாங்க. உன் மூஞ்சியைப் பாக்க வீட்ல கண்ணாடி இல்லையா?" என்றாள் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பண்டிகை நாளில் அழகான ஒன்றைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? நானும் பார்க்கிறேன். ஆனால் சினிமா போஸ்டர் என்னிடம் டிக்கெட் காசு மட்டும்தான் கேட்கிறது. துணி விளம்பரம், 'இதைப் போட்டால் நீ இப்படி இருப்பாய்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காசு கேட்கிறது. வாக்குக் கொடுத்தால் சோதனைக்கு நிற்கத்தானே வேண்டும்?

இப்போது போனிலேயே துணி வாங்குகிறோம். தொட்டுப் பார்க்க முடியாது, மேலே வைத்துப் பார்க்க முடியாது. அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் மாடலின் உயரம் ஆறடி என்று போட்டிருப்பார்கள், கவனித்தீர்களா? அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்! ஐந்தடி நான்கு அங்குலத்தில் இருக்கிற நம்ம பையனுக்கு அந்தச் சட்டை முழங்காலைத் தொடும். கடையில் நிற்கிற பொம்மையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், சட்டையை இழுத்துக் குண்டூசி குத்தியிருப்பார்கள். பொம்மைக்கே சரியாக இல்லாத சட்டை!

அளவு விஷயத்தில் இன்னொரு சங்கதி. நாம் வாங்குகிற ரெடிமேட் துணியில் இருக்கிற எஸ், எம், எல் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. அதனால்தான் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேன் செய்து நமக்கென்று ஓர் அளவுப் பட்டியல் தயாரிப்பது அதன் நோக்கம். அளவெடுக்க மட்டும் நம்ம உடம்பு வேண்டும், போட்டோவுக்கு வேண்டாமா?

சரி, வழக்கத்துக்கு மாறாக ஒருவர் வந்தால் நாம் என்ன செய்தோம்? இங்கேதான் நம்ம தலையிலும் ஒரு குட்டு விழ வேண்டும். 2017 வாக்கில் சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் கடை முதலாளி அருள் சரவணன் தன் கடை விளம்பரத்தில் தானே நடித்தார். மாடலைத் தேடவில்லை, மேக்கப் போட்டுக்கொண்டு தமன்னா, ஹன்சிகாவோடு அவரே ஆடினார். நாடே சிரித்தது. அந்த மீம்களை ஃபார்வர்டு செய்ததில் நானும் உண்டு, மறைக்கவில்லை. மனுஷன் அசரவில்லை. 2022-ல் 'தி லெஜண்ட்' என்று படமே எடுத்துக் கதாநாயகனாக நின்றார். படம் எப்படி என்பது வேறு. ஆனால் நாம் சிரித்தது அவர் நடிப்பைப் பார்த்து மட்டுமா? நம்ம பக்கத்து வீட்டு மாமா மாதிரி ஒருவர் அந்த இடத்தில் நின்றதைப் பார்த்தும்தானே? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் பக்கம் சாதாரண முகம் வந்தபோதும், பெண் பக்கம் பளபள சினிமா முகம்தான் நின்றது. அவர் முதலாளி, அவருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. மூன்றாவது மாடி அக்காவை யார் பேனரில் போடுவார்கள்?

நிறத்தை வைத்து வியாபாரம் செய்வது இன்று நேற்றுக் கதை இல்லை. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 45 வருஷம் அதே பேரில் விற்றது. 2020-ல்தான் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. கறுப்பாக இருப்பவர்களைச் சோகமாகவும் தோற்றுப்போனவர்களாகவும் விளம்பரத்தில் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014-ல் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் ஜவுளிக்கடைக்காரர் அதை மீறவே தேவையில்லை. அவர் நம்மைச் சோகமாகக் காட்டுவதில்லையே, காட்டுவதே இல்லையே!

எதிர்த்துக் கேட்டவர்களும் நம்ம பக்கம் உண்டு. 'கறுப்பும் அழகே' என்ற பொருளில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009-ல் சென்னையில்தான் தொடங்கியது. 2017-ல் சென்னையைச் சேர்ந்த நரேஷ் நீல், பரத்வாஜ் சுந்தர் இருவரும் கறுப்பு நிற மாடல்களை லட்சுமியாக, முருகனாக, சீதையாக நிறுத்திப் படமெடுத்தார்கள். பேரிலேயே கறுப்பை வைத்திருக்கிற கிருஷ்ணனைக்கூடக் காலண்டரில் நீலமாக்கிவிட்ட நமக்கு அது புதுசாகத்தான் தெரிந்தது.

மாடல் வேலை பார்க்கிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அது அவர்கள் பிழைப்பு, அதிலும் கஷ்டம் உண்டு. 2006-ல் உருகுவேயில் லூயிசல் ராமோஸ் என்ற 22 வயது மாடல் மேடையில் நடந்துவிட்டு வந்ததும் இறந்துபோனார். ஒல்லியாக இருக்கப் பட்டினி கிடந்ததே காரணம் என்று பேசப்பட்டது. அதே வருஷம் மாட்ரிட் ஃபேஷன் ஷோவில் எடை மிகக் குறைந்தவர்களுக்குத் தடை விதித்தார்கள். அந்த அளவுகோல் அவர்களையே கொல்கிறதென்றால் நாம் எம்மாத்திரம்!

அப்படியானால் எல்லா விளம்பரத்திலும் என் முகத்தைப் போட வேண்டுமா? ஐயோ, வேண்டாம்! அதுவும் தப்பு மாதிரிதான். ஒரு கியூபை உடைத்து நாம் ரிசல்ட் எழுதுவதில்லை, மூன்று உடைத்துச் சராசரி எடுக்கிறோம். ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியையே ஏற்பதில்லை. அதுபோல மூன்று பேரை நிறுத்துங்கள் என்கிறேன். சிவப்பான ஒருத்தி இருக்கட்டும், அவளும் நம்ம ஊர்க்காரிதான். பக்கத்தில் கறுப்பாக ஒருத்தி. ரெண்டு பிள்ளை பெற்ற, இடுப்பு பெருத்த ஒரு அக்கா. அதே மாம்பழ மஞ்சள் மூன்று பேர் மேலும் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு நான் முடிவு செய்துகொள்கிறேன்.

சேலைக் கடையில் இது எப்போதும் நடப்பதுதான். விற்கிற அண்ணன் முந்தானையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "பாருங்கம்மா, எப்படி இருக்கு" என்று திரும்பி நிற்பார். மீசையோடு! நம்ம வீட்டுப் பெண்கள் சிரிக்காமல் பார்த்து, பேரம் பேசி, அதையே வாங்கிவிடுவார்கள். பேனரைப் பார்த்து வாங்கிய சேலையைவிட அந்த அண்ணன் தோளைப் பார்த்து வாங்கிய சேலைதான் எங்க வீட்டில் அதிகம்.

அடுத்த வருஷ மலருக்கு விளம்பரம் கேட்டு யூனியன் ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குவீர்கள் அல்லவா? முழுப் பக்கம் கொடுக்கிற ஜவுளிக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "அண்ணாச்சி, படம் நாங்களே எடுத்துத் தர்றோம், துணி மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்க." எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் நல்ல கேமரா வைத்திருக்கிறவன் ஒருவன் இருக்கிறான். நிற்பதற்கு எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் தயார். மஞ்சள் சுடிதார் எனக்கு!

— மூன்றாம் ஆண்டு மாணவி, அமைப்பியல் துறை