பழைய ஜீப்பும் சல்லிசு டயரும்

புனே பக்கம் நம்மூர் ஆட்களுக்கு இப்போது ஒரு புது வியாதி. வயசு நாற்பதைத் தாண்டி, வீட்டுக் கடன் பாதி அடைந்ததும், ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கி அபார்ட்மெண்ட் வாசலில் நிறுத்தி, 'ப்ராஜெக்ட்' ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்வது தனிக்கதை :-)

இதில் தப்பு ஒன்றுமில்லை. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். என் பிரச்சினை வேறு. இஞ்சின் வேலை, பெயிண்ட், கேன்வாஸ் கூரை, சீட் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, பட்ஜெட் தீர்ந்தபிறகு கடைசியாக வருவார்கள் டயருக்கு. "சீப்பா எங்க சார் கிடைக்கும்?"

வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. இந்த ஜீப்பில் ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது. பின்னால் பெஞ்சு சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் லோணாவளா, தாம்ஹிணி காட் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற உள்ளங்கை அளவு ரப்பர்தான். பெயிண்ட் மங்கினால் யாருக்கும் அடிபடாது.

சல்லிசாகக் கிடைக்கிறது என்று கடைக்காரர் நீட்டுவதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, டிராக்டர் டயர். பழைய ஜீப்பின் அளவு 6.00-16. டிராக்டரின் முன் டயரிலும் அதே 6.00-16 பல மாடல்களில் உண்டு. ரிம்மில் அழகாக உட்காரும். "ஃபிட் ஹோ ஜாயேகா சாப்" என்பார், பொய்யில்லை. ஆனால் பட்டனைப் பாருங்கள், சுற்றிலும் நேராக மூன்று கோடு ஓடும். அது வயலில் திரும்புவதற்காகச் செய்தது. ஓரத்தில் ஏ6, ஏ8 என்று எழுத்து இருந்தால் அதற்கு அர்த்தம், மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் அந்த டயர். அதை மாட்டிக்கொண்டு ஹைவேயில் 70-ல் போவது வீரமல்ல.

இரண்டாவது, 'பிலகுல் நயா' டயர். பழைய சாமான் கடைகளில் தொங்கும். தேய்ந்த மொட்டை டயரில் கத்தியால் கோடு வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்தால் புதுசு மாதிரி பளபளக்கும். கோடு ஆழமாகத் தெரியும், அடியில் ரப்பர் இருக்காது. நிஜமாகவே ஓடாத டயராக இருந்தாலும், வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தது என்றால் ரப்பர் செத்துப்போயிருக்கும். டயர் ஓடித் தேய்வது மட்டுமில்லை, சும்மா கிடந்தும் கெடும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் ஓட்டாதே என்று பெரிய டயர் கம்பெனிகள் சிலவே சொல்கின்றன.

மூன்றாவது, ரீட்ரேடிங் செய்த டயர். நம்ம ஊரில் ரீபட்டன் என்பார்கள். இதைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு ரீட்ரேடிங் இல்லாமல் கணக்கு கட்டாது. ஆகாய விமான டயரையே ரீட்ரேட் செய்கிறார்கள். ஆனால் லாரிக்காரருக்கு அந்த டயரின் ஜாதகம் தெரியும். புதுசாக முன்னால் ஓடியது, பிறகு பின்னால் போனது, எத்தனை பஞ்சர் என்று எல்லாம் தெரியும். பின்னால் ஜோடி டயரில் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். ஜீப்பில் ஜோடி எங்கே? யாரோ ஓட்டிய டயரின் மேல் யாரோ ஒட்டிய பட்டனை நம்பி முன் சக்கரத்தில் மாட்டுவது வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்போ காசை மிச்சம் பிடிக்கவே முடியாதா? தாராளமாக முடியும்.

ஒன்று, ஆசைப்பட்டு மட்-டெர்ரெய்ன் டயர் வாங்காதீர்கள். ஆபீஸ், மார்க்கெட், மாசம் ஒரு மலைப்பயணத்துக்குச் சாதாரண ரோடு பட்டன் நைலான் டயர் போதும். விலையும் குறைவு, சத்தமும் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை டயர்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையைச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு, புது வண்டியில் கழற்றிய டயர். பொலேரோ, ஜிம்னி மாதிரி வண்டிகளை வாங்கும் சிலர், கொஞ்ச நாளிலேயே அகல டயருக்கு மாறுகிறார்கள். கழற்றிய டயரும் ரிம்மும் டயர் கடை மூலையில் கிடக்கும். பழைய ஜீப்பின் ஐந்து போல்ட் இடைவெளியும் இவற்றின் இடைவெளியும் ஒன்றுதான், 139.7 மில்லிமீட்டர். ஆனாலும் நடு ஓட்டை, ஆஃப்செட், டயர் தாங்கும் எடை மூன்றையும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். நைலானும் ரேடியலும் கலந்து மாட்டினால், வளைவில் முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் பிடிக்கும்.

மூன்று, ஐந்து டயர் வாங்க வேண்டியதில்லை. நாலு வாங்குங்கள். பழசில் வயசு குறைந்த, வெடிப்பில்லாத ஒன்றை ஸ்டெப்னியாக வைத்து, பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போகலாம்.

எதை வாங்கினாலும் டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முன்னால் செய்தது, மியூசியத்தில் வைக்கலாம். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். ஓடிய டயர் என்றால் பட்டன் ஆழத்தையும் அளக்கணும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டராவது வேண்டும். மழை ரோட்டுக்கு அது பத்தாது.

ஊரில் பெரியவர்கள் செருப்பு வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். மேல் வாரின் கலரைப் பார்க்காமல், திருப்பி அடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஜீப் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும் அண்ணன்மாரும் தம்பிமாரும் அதையே செய்யுங்கள். முதல் சம்பளத்தில் டயரை வாங்கிவிட்டு, மிச்சத்தில் பெயிண்ட் அடியுங்கள். பெயிண்ட் அடுத்த தீபாவளி போனஸ் வரைக்கும் காத்திருக்கும்.