பறக்கிற கனவு கூடாததா?



போன கிழமை தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு சகோதரி மட்டும் பின்தங்கி நின்றார். வயது நாற்பத்தெட்டு. கணவர் 2009 இல் காணாமற்போனவர்.

"அக்கா, ஒரு விசயம் கேட்கோணும். சிரிக்கக் கூடாது. நான் கனவிலை பறக்கிறன். கையை விரிச்ச உடனை மேலை போறன். சரியான சந்தோசமாய் இருக்கு. எழும்பினாப் பிறகு, அவர் எங்கையெண்டு தெரியாமல் எனக்கென்ன சந்தோசம் எண்டு அழுகை வருகுது. பறக்கிற கனவு கூடாதாம், அவரின்ரை ஆவிதான் கூப்பிடுதாம் எண்டு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுறா."

நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கனவு வருவதுண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு இலட்சக்கணக்கான சனம் வெளியேறியபோது, நானும் நாவற்குழிப் பாலத்தடியில் மழையில் நின்றேன். இடுப்பில் பிள்ளை, கையில் உடுப்புப் பை, தோளைப் பிடித்தபடி மாமி. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பாலத்துக்கு மேலாகப் பறப்பதாகக் கனவு வரத் தொடங்கியது. கனவில் என் இரண்டு கைகளும் வெறுமையாக இருக்கும். விழித்ததும் நெஞ்சு திடுக்கிடும். பிள்ளையை எங்கே விட்டேன்?

இந்த வயதில் ஏன் இப்படி? மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரெனச் சூடேறி வியர்க்கும். இரவில் நித்திரை அடிக்கடி குழம்பும். எல்லோரும் ஒவ்வோர் இரவும் பலமுறை கனவு காண்கிறோம். ஆனால் கனவின் நடுவே விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். ஆகவே விழிப்புக் கூடும்போது நினைவில் நிற்கும் கனவும் கூடுகிறது. பறக்கும் கனவு உலகெங்கும் மனிதருக்கு வருவது. சிறுவயதில் பெரியவர்கள் எம்மைத் தூக்கிப் போட்டு ஏந்தி விளையாடிய இன்பத்தின் நினைவே அது என்று, உளமருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் 1899 இல் வெளியான தமது கனவு பற்றிய நூலில் எழுதினார்.

எங்களுக்கோ வானம் என்றால் பொம்பரும் ஹெலியும். சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். அதே வானத்தில் பயமில்லாமல் பறக்கும் கனவு எப்படிக் கெட்ட சகுனமாகும்?

அந்தச் சகோதரியிடம், "பறக்கேக்கை கையிலை என்ன இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்டும் இல்லை. பைலும் இல்லை" என்றார். அவரது படமும் முறைப்பாட்டுப் பிரதிகளும் உள்ள பைல் அது. கந்தோர் கந்தோராக அதைச் சுமந்து திரிகிற கைகளுக்கு, இரவில் சில நிமிடம் ஓய்வு கிடைக்கிறது. அது அவரை மறந்ததாகாது. காலையில் அந்தப் பைலை மீண்டும் தூக்குவதும் இதே கைகள்தானே?

இன்னொன்றையும் சொன்னேன். அவர் இருக்கிறாரா, இல்லையா என்பதை எந்தக் கனவாலும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. கனவுக்குப் பலன் கேட்டுக் காசு செலவழிக்காதீர்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். குளத்தில் நீராடிக் காமவேளை வழிபடச் சொன்னபோது, அது பெருமையன்று என மறுக்கிறாள். காப்பியத்தில் அவள் கனவு பலித்தது, அது கதை. ஆனாலும் மனதில் பூட்டி வைக்காமல் தோழியிடம் வாய்விட்டுச் சொன்னாளே, அதை நாங்கள் பழகலாம்.

ஷெல் விழுவதும், பிள்ளைகள் அலறுவதும் கனவில் திரும்பத் திரும்ப வந்து, நடுங்கி எழும்பி, மறுநாள் வேலை செய்ய முடியாமல் போனால் அதற்கு உதவி தேவை. அது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. மனதில் பட்ட காயம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. பயங்கரக் கனவின் முடிவைப் பகலில் மாற்றி, மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியும் இருக்கிறது. தனியே போகத் தயக்கமென்றால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பறக்கிறதிலை பிழையில்லையோ அக்கா?" என்றார்.

"பிழையில்லை பிள்ளை. விடிய எழும்பி வந்து எங்களுக்கும் சொல்லும்" என்றேன்.

உங்கள் கனவுகளையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.