நீங்கள் கேட்டவை: உழவில் கிடைத்த குண்டு மூக்கு... வயது என்ன?

'எங்கள் மானாவாரி நிலம், பழைய ராணுவப் பயிற்சிக் களத்தை ஒட்டி இருக்கிறது. கோடை உழவின்போது, கைக்குள் அடங்கும் பித்தளைத் திருகு ஒன்று கிடைத்தது. அம்பு முத்திரை, '162', '3/44' என்ற எண்கள் உள்ளன. மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். புளி போட்டுத் தேய்த்தால் மற்ற எழுத்துகளும் தெரியும் என்கிறான் மகன். இது எந்தக் காலத்துப் பொருள், பழைய இரும்புக் கடையில் போடலாமா?'

- ஒரு வாசகர்

முதலில், தேய்ப்பதை நிறுத்துங்கள். இனி அதைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது மார்ட்டர் குண்டின் மூக்கில் திருகப்படும் 'பியூஸ்'. குண்டு தரையில் மோதியதும் வெடிக்க வைப்பது இதுதான். அம்பு முத்திரை, பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதற்கான குறி. 162 என்பது பியூஸின் ரக எண். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷார் மார்ட்டர் குண்டுகளுக்குப் பயன்படுத்திய ரகங்களில் ஒன்று. '3/44' பெரும்பாலும் 1944 மார்ச்சைக் குறிக்கும். இதுபோன்ற பியூஸ்களில் தயாரிப்பாளரின் சுருக்கெழுத்து, தொகுதி எண் ஆகியவையும் இருக்கும்.

ஆனால், அந்த வருஷம் பியூஸ் தயாரான வருஷம் மட்டுமே. கிடங்கில் பல ஆண்டுகள் இருந்த பிறகும் சுட்டிருக்கலாம். அதனால், உங்கள் நிலத்தில் எப்போது விழுந்தது என்பதை அந்த எண் சொல்லாது. வெடிக்குமா, வெடிக்காதா என்பதையும் சொல்லாது.

'இத்தனை வருஷம் மண்ணில் கிடந்தது செத்துப் போயிருக்கும்' என்று நினைப்பதுதான் ஆபத்து. சுடும்போது ஏற்படும் அதிர்வில், பியூஸின் உள்பூட்டு விலகிவிடும். அப்படிப் பூட்டு விலகியும் வெடிக்காமல் போனது, சுடாத குண்டைவிட மோசமானது. வெளியே பச்சைக் களிம்பு ஏறினாலும், உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கலாம். குண்டிலிருந்து தனியாகக் கழன்ற பியூஸுக்குள்கூட டெட்டனேட்டர் இருக்கும். விரல்களையும் கண்ணையும் பறிக்க அதுவே போதும்.

எனவே, கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். கிணற்றிலும் போட வேண்டாம். மாடுகளைக் கொட்டகைப் பக்கம் விடாமல், ஆட்களையும் தூரமாக அனுப்பிவிட்டு, 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து எடுத்துச் செல்வார்கள். இதுபோன்ற பொருளை வைத்திருப்பது, 1908-ம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டப்படி சிக்கலையும் கொண்டுவரும். நீங்களே முன்வந்து தகவல் சொல்வதுதான் நல்லது.

பியூஸ் கிடைத்த இடத்துக்கு அருகிலேயே குண்டின் உடலும் புதைந்திருக்கலாம். அதிகாரிகள் பரிசோதித்து முடிக்கும்வரை அந்தப் பகுதியில் உழவு ஓட்டாதீர்கள், சருகு கொளுத்தாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.