ஓசூருக்கு ஒரு புல்தரை ஓடுபாதை வேண்டும்

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். 2,000 ஏக்கர் பரப்பு, ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்பது திட்டம். அன்றிலிருந்து சூளகிரி டீக்கடை முதல் சிப்காட் வாசல் வரை மனை விலைதான் பேச்சு. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொரு நிலையம் எளிதல்ல என்று சிலர் நினைவூட்டுகிறார்கள். அந்தச் சிக்கலை அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும். பறக்கக் கற்றுத்தருவது நம் தொழில். நம் கோரிக்கையும் சின்னது. நிலையம் எந்த ஊரில் எந்த ஆண்டு வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, இந்த வட்டாரத்தில் 1,000 மீட்டர் புல்தரை ஓடுபாதை ஒன்றும், வால்சக்கர விமானங்கள் இரண்டு மூன்றும் வேண்டும். அவற்றில் முதலில் ஏற வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல, பயிற்றுநர்கள்.

விமானம் இங்கே புதுச் சங்கதி அல்ல. தளி சாலைப் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 7,000 அடி நீளம் கிடக்கிறது. இத்தாலியின் பார்டெனாவியா பி-68 இரட்டை எஞ்சின் விமானத்தை உரிமம் பெற்று 1990களில் அங்கே செய்தார்கள். ஹன்சா-3 பயிற்சி விமான உற்பத்தியிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. இரண்டுமே மூக்குச்சக்கரம் கொண்டவை. ஓசூர் விமானத் தொழிலுக்குள் நுழைந்தபோது வால்சக்கரக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

அந்தக் காலம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது. வி.எம். காட்கே குழு வடிவமைத்த எச்.டி-2, 1951 ஆகஸ்டில் பெங்களூரில் முதன்முதலாக எழும்பியது. 1958இல் புஷ்பக் வந்தது: உருக்குக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய உடல், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். 150க்கும் மேல் செய்து நாடெங்கும் பறக்கும் கழகங்களுக்குக் கொடுத்தார்கள். பெங்களூரின் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1949இல் ஏற்றவர் சென்னைப் பறக்கும் கழகத்தில் கற்றுத்தந்த கேப்டன் வி. சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரம் அந்தப் பள்ளியில் தேறி வந்தவர். (சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கியவரும் இதே சுந்தரம்தான்; நம் துறைக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. கற்றுக்கொடுப்பவருக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியிலும் எச்.டி-2, ஹார்வர்டு என்று வால்சக்கர விமானங்களே வேலை செய்தன. 1980களில் மூக்குச்சக்கரத் தீபக் வந்ததும் அந்தத் தொடர் அறுந்தது.

அறுந்ததால் என்ன கெட்டது என்று இளையவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வால்சக்கர விமானத்தின் முதன்மைச் சக்கரங்கள் எடைமையத்துக்கு முன்னால் இருக்கின்றன. தரையில் ஓடும்போது மூக்கு கொஞ்சம் விலகினாலும் பின்னாலிருக்கும் எடை முன்னே வரப் பார்க்கும்; விலகல் தானாகவே பெருகும். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் டிராக்டர் டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பவரைக் கவனியுங்கள். டிரெய்லர் திரும்பத் தொடங்கிய நொடியில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் பிழைத்தார். பார்த்துவிட்டு ஒடிக்கலாம் என்றிருந்தால் மடங்கிவிடும். நம் விமானத்தில் அந்த மடங்கலுக்குப் பெயர் கிரவுண்ட் லூப். இறக்கையின் நுனி, சக்கரக் கால், சில சமயம் புரொப்பெல்லர் என்று செலவு வைக்கும். மூக்குச்சக்கர விமானத்தில் எடைமையம் முன்னால் இருப்பதால், கோணலாக இறங்கினாலும் விமானமே தன்னை நேராக்கிக்கொள்கிறது. பைலட்டின் கால் செய்யாத வேலையை இயற்பியல் செய்துவிடுகிறது. அப்படியே 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கிவிடலாம். அந்தக் கால்களோடு பயிற்றுநராகவும் ஆகிவிடலாம்.

இதை நாம் குறையாகச் சொல்வது இளைஞர்களைப் பார்த்து அல்ல. செஸ்னா நிறுவனம் தன் 170 ரகத்தின் முன்னால் ஒரு சக்கரத்தைப் பூட்டி 1956இல் 172 ஆக்கியது, கார் ஓட்டத் தெரிந்தவர் எவரும் பறக்கலாம் என்று விற்பதற்காகத்தான். விற்றது. விபத்தும் செலவும் குறைந்தன, பறத்தல் பரவியது. அது நல்ல மாற்றம். வால்சக்கரம் ஓட்டியவனே பைலட், மற்றவரெல்லாம் டிரைவர் என்று கேன்டீனில் பேசும் பழைய கர்வத்துக்கு இந்த இதழ் ஒருபோதும் துணை போகாது. ஏர்பஸ் ஓட்டப் போகும் பையனுக்கு எச்.டி-2 தேவையே இல்லை. ஆனால் பக்கக்காற்றில் ரடரை எப்படிப் பயன்படுத்துவது என்று அவனுக்குக் கற்றுத்தருபவரின் காலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1991 முதல், வால்சக்கர விமானத்தின் பொறுப்பை ஏற்க விரும்பும் பைலட், தகுந்த பயிற்றுநரிடம் கற்று லாக்புக்கில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். நாம் சட்டம் கேட்கவில்லை. பயிற்றுநர் தகுதிக்கு ஆள் தயாரிக்கும் பள்ளிகள் 10 மணி நேரத்தைத் தாமாகவே இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஏன் ஓசூர்? இங்கே பாடம் கூர்மையாக இருக்கும் என்பதால். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி. அந்த உயரத்துக்குரிய திட்ட வெப்பநிலை 9 டிகிரி. மே மாதப் பிற்பகலில் 35 டிகிரி என்றால் 26 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் அடர்த்தி உயரம் 6,000 அடியைத் தாண்டுகிறது. இறங்கும்போது வேகமானி வழக்கமான 45 நாட் வேகத்தைத்தான் காட்டும். காற்றில்லாத நாளில் தரை உங்களுக்குக் கீழே ஓடுவதோ 49 நாட் வேகத்துக்கு மேல். வேகம் 10 சதவீதத்தை ஒட்டிக் கூடினால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும், விலகலை அடக்கக் கிடைக்கும் நேரம் குறையும். எழும்பும்போதும் அதே தொல்லைதான். எஞ்சின் மெலிந்த காற்றில் இளைக்கிறது, ரடர் உயிர் பெறும் வேகம் வர அதிக நேரம் ஆகிறது. 1,000 மீட்டருக்குக் குறையாமல் கேட்பது இதனால்தான். புல்தரை கேட்பதற்கும் காரணம் உண்டு. கோணலாகத் தொட்டால் தார்ப்பாதை டயரைப் பிடித்து இழுக்கும்; புல் கொஞ்சம் வழுக்கவிட்டு மன்னிக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து பல வாரம் விடாமல் காற்று அடிக்கும். அதற்குக் குறுக்காக இன்னொரு குட்டைப் பாதை கிடைத்தால் பக்கக்காற்றுப் பாடத்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம்.

இனி கற்பித்தல் பற்றிச் சில சொற்கள். வால்சக்கரத்தில் முதல் பாடம் வானத்தில் இல்லை, டாக்சியில். மூக்கு மறைப்பதால் வளைந்து வளைந்து போகப் பழக வேண்டும். பெடலை மிதித்துப் பிடிக்காதே, ஒத்தி எடு என்பதை மாணவர் காது கேட்டால் போதாது, கால் கேட்கும்வரை சொல்ல வேண்டும். எஞ்சினும் பாடத்தை மாற்றும்: டைகர் மாத் எழும்பும்போது வலப்பக்கம் இழுக்கும், புஷ்பக் இடப்பக்கம் இழுக்கும். ஒன்றில் பழகி மற்றொன்றுக்கு மாறியவர்கள் காலின் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று சக்கரமும் ஒருசேரத் தொட்டபின் ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து, விமானம் நிற்கும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கிரவுண்ட் லூப் பெரும்பாலும் தொடும் நொடியில் நேர்வதில்லை. வேகம் குறைந்து, ரடர் வலுவிழந்து, மாணவர் பெருமூச்சு விடும்போதுதான் நேர்கிறது.

பயிற்றுநர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. அதைப் பேசுவதற்காகவே இந்த உரை இவ்வளவு நீண்டது. மாணவர் இறக்கும்போது தன் காலையும் பெடலில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மெல்லத் திருத்திக்கொண்டே வருவது. இறக்கம் அழகாக அமையும். மாணவர் தன் திறமை என்று நம்புவார். முதல் சோலோவில் அந்தக் கள்ளத் திருத்தம் கூட வராது. மூக்குச்சக்கர விமானத்தில் இந்தப் பொய் வெளிப்படாமலே பல ஆண்டு ஓடும். வால்சக்கரம் அதே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். கால் பெடலுக்கு அருகில் இருக்கலாம், மேல் இருக்கக் கூடாது. எந்த அளவு விலகினால் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி வாங்கிக்கொள்வோம் என்பதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். வாங்குவதென்றால் முழுதாக வாங்க வேண்டும், பாதி வாங்கக் கூடாது.

பணம் பெரிய தடைதான். காப்பீட்டாளர்கள் வால்சக்கரம் என்றதும் முகம் சுளிப்பார்கள், உதிரிபாகம் கிடைக்காது. ஆனால் ஓசூரில் உருக்குக் குழாய் வளைக்கவும் வெல்டு வைக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. மைக்ரான் கணக்கில் கடையும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. விமானத்தில் பூட்டும் பாகத்துக்கு வேண்டிய ஒப்புதல் தாள்தான் அவர்களிடம் இல்லை. அதைப் பெற வழிகாட்டும் பொறியாளர்கள் இதே ஊரில் பழுதுபார்ப்புக் கூடங்களில் வேலை பார்க்கிறார்கள். விமானப் பயிற்சிக்கான நிலையங்களின் பட்டியலில் 2022இல் சேலமும் சேர்க்கப்பட்டது. ஆகவே மாணவர்கள் இந்தப் பக்கம் வரத்தான் போகிறார்கள்.

எச்.டி-2இலும் புஷ்பக்கிலும் கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் பெங்களூரு, ஓசூர், தாம்பரம் பக்கங்களில் ஓய்வில் இருக்கிறீர்கள். உங்கள் பாடக் குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கி எங்களுக்கு அனுப்புங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி, தட்டச்சு செய்து அடுத்த இதழ்களில் தொடராக வெளியிடுகிறோம். பணியில் இருக்கும் பயிற்றுநர்கள் புல்தரை ஓடுபாதைக் கோரிக்கையில் பெயரும் உரிம எண்ணும் எழுதி அனுப்புங்கள். விமான நிலையத் திட்டத்தைக் கவனிக்கும் டிட்கோவுக்கு அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.