"நீ எந்தக் கட்சி?" என்று கேட்பதற்கு முன்னால்

கழகத் தோழர்களே,

கல்வியைப் பற்றி யார் வாய் திறந்தாலும் நம்ம ஆளுங்க முதலில் கேட்பது, "நீ எந்தக் கட்சி?" எதிர்ப்பக்கமோ, "கல்வியில் அரசியலைக் கலக்காதீங்க" என்று உபதேசம் பண்ணுது. ரெண்டு பேருக்கும் ஒரு பழைய கதையைச் சொல்லணும்.

நெ.து.சுந்தரவடிவேலு பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையில் ஊறியவர். 1954-இல் முதலமைச்சரான காமராசரோ காங்கிரஸ்காரர். அவர்தான் சுந்தரவடிவேலுவைப் பொதுக்கல்வி இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தார். "இவர் பெரியார் ஆளாச்சே" என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர்க்காரர்களையே தங்கள் ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் எனக் கொண்டுவந்து கொடுக்க வைத்தவர் அவர். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அதற்காக ஊர் ஊராக அலைந்தவரும் அவர்தான்.

அவருக்குச் சார்பு இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அந்தச் சார்புதான் எல்லாப் பிள்ளையும் படிக்கணும் என்று அவரை ஓட வைத்தது.

அதற்கு முந்தின வருடம், 1953-இல், ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்கும் சீர்திருத்தம் என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில். இருக்கிற ஆசிரியர்களை வைத்தே கூடுதல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று நிர்வாகக் காரணமும் சொன்னாங்க. அதைக் குலக்கல்வி என்று நம்ம ஆட்கள் சரியாகப் பெயர் வைத்தார்கள். காமராசர் வந்ததும் தூக்கிப் போட்டார்.

அதனால், ஒருத்தர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதோடு நிற்கக் கூடாது. அவர் சொல்வது நடந்தால் எந்தப் பிள்ளை வகுப்பை விட்டு வெளியே போகும் என்று பாருங்க. தேசியக் கல்விக் கொள்கை 2020 கல்லூரியில் ஒரு வருடத்திலேயே சான்றிதழோடு வெளியேறலாம் என்கிறது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு வெளியேறும் வழியை அரசு காட்ட வேண்டியதே இல்லை, வீட்டுக் கஷ்டமே தினமும் காட்டுது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ரூ.2,152 கோடியை நிறுத்தி வைத்தவர்கள்தான் நமக்கு "அரசியல் வேண்டாம்" என்று பாடம் எடுக்கிறார்கள். (சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.)

இப்போ நம்ம பக்கம் வருவோம். 1990-களில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் இடதுசாரித் தோழர்கள் நிறையப் பேர். அந்தப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை இன்னைக்கு நாம எல்லா மேடையிலும் பேசறோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நம்ம ஆட்சியில் இல்லை. அதில் சேர்ந்த பிள்ளை டாக்டர் ஆவது நமக்குக் கசக்குமா?

போன வாரம் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினார். நம்ம ஆளுங்க பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அவரை "சங்கி" என்று விரட்டினாங்க. ராத்திரியே பதிவை எடுத்துட்டார். குழாய் அப்படியே இருக்கு.

விரட்டினவங்க முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்க. அந்த ஒன்றியத் தோழர்கள் நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்கே நேரில் போங்க. பிளம்பரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.