48 மணி நேரப் பரீட்சையும் வெக்ஸ்போர்ட் உப்பும்

நவம்பர் வந்தாச்சு. லாரன்ஸ் அவென்யூ கடை வாசல்களில் உப்பு மூட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் போன வாரம் 20 கிலோ மூட்டை ஒன்றை வாங்கி கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு விண்டருக்கு முன்னால், சூப்பர் விசாவில் வந்திருந்த என் அம்மா இங்கே ஒரு பிளாசா பார்க்கிங் லாட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "ஏன் இங்க உப்பு போடல?" என்பதுதான். ஆக, இதை எழுதுபவன் உப்புக்கு எதிரி இல்லை. வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருக்கும் யாருமே அப்படி இருக்க முடியாது.

ஆனால் அம்மாவின் கை கட்டுப்போட்டிருந்த அந்த ஆறு வாரத்தில் இன்னொரு கேள்வி மனதில் ஏறிக்கொண்டது. போடுற உப்பெல்லாம் எங்கே போகுது? போன இடத்தில் என்ன செய்யுது? அதை யாராவது சோதிச்சுப் பார்க்குறாங்களா?

நம்ம காலடியில் ஓர் ஓடை

வெக்ஸ்போர்ட்டில் பல வருஷம் இருப்பவர்களுக்கும் இங்கே ஓர் ஓடை ஓடுவது தெரியாது. அதன் பெயர் டெய்லர்-மேஸி க்ரீக். 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஃபார்மசி அவென்யூ பக்கம் டெராவியூ பூங்காவில் வெளியே தலைகாட்டுகிறது. அங்கிருந்து சில இடங்களில் திறந்தவெளியில், சில இடங்களில் கான்கிரீட் கால்வாயில் என்று ஓடி, வார்டன் வுட்ஸ் வழியாகப் போய் டான் நதியில் சேர்கிறது. டான் நதி போய்ச் சேர்வது ஒன்டாரியோ ஏரியில். நாம் குடிக்கும் தண்ணீரும் அதே ஏரியில் இருந்துதான் வருகிறது.

1990-களில் டெராவியூ, வில்லோஃபீல்ட் பூங்காக்களில் இந்த ஓடையைச் சீரமைத்தார்கள். வளைந்து நெளிந்து ஓடும்படி பாதை அமைத்து, குளம் வெட்டி, 401-இல் இருந்து வழிந்து வரும் அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்பட்டு வர ஏற்பாடு செய்தார்கள். நல்ல வேலை. மண், எண்ணெய், உலோகத் துகள் இதையெல்லாம் குளமும் மணலும் ஓரளவு பிடித்து வைக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. உப்பு மக்கிப் போவதில்லை, ஆவியாவதில்லை, செடியும் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுவதில்லை. ஒரு பகுதி ஓடையோடு ஓடும். மீதி நிலத்தடி நீரில் இறங்கி, கோடையில் மெதுவாகக் கசிந்து வரும். டொரொண்டோ வட்டாரத்தின் மற்ற சில ஆறுகளில் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடைக்காலத்தில் எடுத்த மாதிரிகளிலேயே பெரும்பாலானவை உப்பு வரம்பைத் தாண்டியிருந்ததாக 2021-இல் வெளியிட்டார்கள். பனி பெய்யாத மாதத்தில்!

பரீட்சை எழுதும் உயிர்

ஒரு ரசாயனம் தண்ணீரில் வாழும் சின்ன உயிர்களை உடனடியாகக் கொல்லுமா என்று பார்க்க உலகம் முழுக்க ஒரு சோதனை உண்டு. அதில் பரீட்சை எழுதுவது டாஃப்னியா என்கிற உயிர். நம்ம மொழியில் தண்ணீர்த் தெள்ளு எனலாம். பெயர்தான் தெள்ளு, பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறா. பெரிதாக வளர்ந்தாலே சில மில்லிமீட்டர்தான். பாசியைத் தின்னும், மீனுக்குத் தீனியாகும். இது இல்லாவிட்டால் குளத்தில் பாசி கூடும், மீன்குஞ்சுக்குச் சாப்பாடு குறையும்.

சோதனை ரொம்ப எளிமையானது. பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிகளை எடுத்து, ரசாயனம் வெவ்வேறு அளவில் கலந்த கண்ணாடிக் குவளைகளில் விடுவார்கள். ஓர் அளவுக்குக் குறைந்தது 20 குட்டி. இன்னொரு குவளையில் ரசாயனம் கலக்காத சுத்தமான தண்ணீர். சாப்பாடு கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள். 15 விநாடிக்குள் நீந்தாத குட்டி 'அசையாதது' என்று கணக்கு. பாதிக் குட்டிகள் அசையாமல் போகும் அளவு எதுவோ அதுதான் விடை. சுத்தமான தண்ணீரில் இருந்ததிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் அசையாமல் போனால் சோதனையே செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை. குட்டிகள் ஆரோக்கியமாக இருக்கின்றனவா, சோதனையைச் சரியாகத்தான் செய்கிறோமா என்று உறுதி செய்ய, விளைவு முன்பே தெரிந்த ஒரு நச்சை ஆய்வகங்கள் அவ்வப்போது கொடுத்துப் பார்க்கும். பல ஆய்வகங்களில் அந்த நச்சு என்ன தெரியுமா? சோடியம் குளோரைடு. அதே உப்புதான்.

குழாய்க்குச் சட்டம், ரோட்டுக்கு?

கனடா இந்தச் சோதனையைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்கவில்லை. 1990-இலேயே மத்திய சுற்றுச்சூழல் துறை டாஃப்னியா சோதனைக்கான செய்முறையை வெளியிட்டது. காகித ஆலைகளுக்கு 1992-இலும், உலோகச் சுரங்கங்களுக்கு 2002-இலும் வந்த விதிகள் கழிவுநீரை இப்படிச் சோதிக்கச் சொல்கின்றன. கலப்படம் இல்லாத கழிவுநீரில் விட்ட டாஃப்னியாக்களில் பாதிக்கு மேல் 48 மணி நேரத்தில் செத்தால், அந்தத் தண்ணீர் 'கொல்லும் தண்ணீர்'. சுரங்கங்களைப் பொறுத்தவரை 2021 ஜூனில் இருந்து அப்படிப்பட்ட தண்ணீரை வெளியே விடவே கூடாது.

குழாய் இருக்கிறது, குழாய்க்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அதனால் சட்டம் பிடிக்கிறது. சாலை உப்புக்குக் குழாய் இல்லை. நகரசபை லாரி கொஞ்சம், பிளாசா ஒப்பந்தக்காரர் கொஞ்சம், காண்டோ நிர்வாகம் கொஞ்சம், நான் கொஞ்சம். எல்லாம் சேர்ந்துதான் ஓடைக்குப் போகிறது.

மத்திய அரசுக்கு இது தெரியாததும் இல்லை. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று 2001-இலேயே அதன் மதிப்பீடு சொல்லிவிட்டது. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் என்று அப்போது கணக்கு. 2004-இல் ஒரு நடைமுறை நெறியும் வந்தது. ஆனால் அதைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் போடும் சாலை நிர்வாகங்களுக்குத்தான். உங்க பிளாசா பார்க்கிங் லாட் அதில் வராது.

2011-இல் கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் குழு குளோரைடுக்கு இரண்டு வரம்பு சொன்னது. குறுகிய காலத்துக்கு லிட்டருக்கு 640 மில்லிகிராம். நீண்ட காலத்துக்கு 120. முதல் எண் மேலே சொன்ன மாதிரியான ஓரிரு நாள் சோதனைகளில் இருந்து வந்தது. இவையும் வழிகாட்டிதான், தண்டனை கிடையாது.

இந்த எண்களை நம்ம வீட்டுக் கணக்காக்கிப் பார்த்தேன். உப்பில் சுமார் 60 சதவீதம் குளோரைடு. ஒரு டீஸ்பூன் உப்பு, 30 லிட்டர் சுத்தமான தண்ணீரை 120 என்ற வரம்புக்குக் கொண்டுபோய்விடும். நான் வாங்கி வந்த அந்த 20 கிலோ மூட்டை? ஒரு லட்சம் லிட்டர். ஒரே ஒரு மூட்டை.

பாஸ் ஆனது யார்?

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான கதை. டெஸ்ட் எல்லாம் பாஸ், ரிலீஸ் பண்ணின அன்றைக்கு ராத்திரியே சிஸ்டம் படுத்துவிடும். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நாம் எதை டெஸ்ட் பண்ணினோம் என்பதுதான் பிரச்சினை.

டாஃப்னியா மேக்னா என்ற இந்த வகை உப்பைப் பொறுத்தவரை கெட்டிக்கார உயிர். லிட்டருக்குச் சில கிராம் உப்பிலும் இரண்டு நாளைத் தாக்குப்பிடிக்கும். ஒன்டாரியோ ஆறுகளில் வாழும் வேவி-ரேய்ட் லாம்ப்மசல் என்ற நன்னீர் மட்டியின் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரச் சோதனையில், லிட்டருக்கு 24 மில்லிகிராம் குளோரைடிலேயே பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. அழியும் ஆபத்தில் உள்ள சில மட்டி இனங்களை 120 என்ற வரம்பு காப்பாற்றாமல் போகலாம் என்று அந்த 2011 ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

பூச்சிமருந்திலும் இதே கதைதான் நடந்தது. இமிடாக்ளோபிரிட் என்ற மருந்தை டாஃப்னியா மேக்னா பெரிதாகச் சட்டை செய்யாது. ஆனால் மேஃப்ளை போன்ற நீர்ப்பூச்சிகள் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் குறைவான அளவிலேயே துவண்டுபோகும். டாஃப்னியாவை மட்டும் கேட்டிருந்தால் 'பிரச்சினை இல்லை' என்றுதான் பதில் வந்திருக்கும். 2016-இல் ஹெல்த் கனடா இந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னதற்குக் காரணம் நீர்ப்பூச்சிகள்தான். 2021-இல் இறுதி முடிவு வந்தபோது முழுத் தடை இல்லை, சில கட்டுப்பாடுகளோடு தொடரலாம் என்றார்கள்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டொரொண்டோ பக்கத் தண்ணீர் கடினநீர். அதில் உப்பின் நச்சு ஓரளவு மட்டுப்படும். குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வரம்புக்கு வெகு கீழேயே டாஃப்னியா இனங்கள் பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள் என்றாலும், அது காட்டேஜ் பக்கத்து ஏரிகளைப் போன்ற மென்னீரில். எனவே நம்ம ஓடையில் இன்றைக்கே எல்லாம் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 'பாஸ்' என்ற ஒரு சொல்லை வைத்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாது என்கிறேன்.

நொய்யலிலும் உப்புதான்

நான் திருப்பூர்க்காரன். நொய்யல் ஆறு கலர் கலராக ஓடினதைப் பார்த்து வளர்ந்தவன். எல்லோரும் சாயம், சாயம் என்று நிறத்தைத்தான் பேசினோம். நிலத்தைப் பாழாக்கியதில் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. துணியில் சாயம் ஒட்ட சாயப்பட்டறைகள் மூட்டை மூட்டையாக உப்புப் போடும்; அது அப்படியே ஆற்றில் இறங்கும். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர்தான் தேங்கியது. அணையில் தண்ணீர் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே திறந்தால் பயிர் போய்விடும் என்று பயந்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது.

இந்தியாவிலும் பரீட்சை இல்லாமல் இல்லை. கலப்படம் இல்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று மத்திய விதியே இருக்கிறது. விதி புத்தகத்தில் இருந்தது, உப்பு ஆற்றில் இருந்தது. கனடாவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஒன்று பொதுவானது. இரண்டு இடத்திலும் உப்பைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரவர் பிழைப்பு, அவரவர் பயம்.

அந்தப் பயத்துக்கு என்ன வழி?

நான் வழக்கமாகப் போகும் மளிகைக்கடை அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் உப்பு வெள்ளைக் கம்பளம் மாதிரி கிடந்தது. "அண்ணா, இவ்வளவு வேணுமா?" என்று கேட்டேன். "தம்பி, ஒருத்தர் விழுந்தால் வழக்கு என்ர தலையிலதான் வரும். உப்பு என்ன பெரிய விலையே?" என்றார். என் அம்மா விழுந்த கதை அவருக்கும் தெரியும். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஓடைக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை, விழுந்தவர் போடுவார். அதனால் ஒப்பந்தக்காரர் தேவைக்கு மேலே கொட்டுகிறார். ஒன்டாரியோ 2021 ஜனவரி முதல், பனியில் விழுந்தவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அது போதாது. அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 2013-இலேயே வேறு வழியைக் காட்டியது. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெற்று, சரியான அளவில் உப்புப் போட்டு, அதைப் பதிவும் செய்யும் ஒப்பந்தக்காரருக்கு வழக்கில் இருந்து பாதுகாப்பு. இங்கே ஒன்டாரியோவிலும் 'ஸ்மார்ட் அபவுட் சால்ட்' என்ற பயிற்சி இருக்கிறது. பயிற்சிக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு சேர்ந்தால்தான் அண்ணாவின் கை தானாகக் குறையும். நம்ம எம்.பி.பி. அடுத்த தடவை பொங்கல் விழாவுக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டம் வரும்வரை நம்ம கையில் இருப்பது சில. ஸ்கார்பரோவில் பிளாசா வைத்திருப்பவர்கள், காண்டோ போர்டில் இருப்பவர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், ராத்திரி ஸ்னோ லாரி ஓட்டுபவர்கள் நம்ம ஆட்களிலேயே நிறையப் பேர். ஒப்பந்தம் போடும்போது 'எத்தனை கிலோ போடுகிறீர்கள், எழுதித் தாருங்கள்' என்று ஒரு வரி சேர்க்கலாம். வீட்டில் முதலில் பனியை வழித்துவிட்டு, பிறகு உப்பு. நடைபாதையின் பத்துக் கட்டத்துக்கு ஒரு காபி மக் போதும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது வழுக்காமல் இருக்க மணல்தான் உதவும். காய்ந்த தரையில் உப்பு கிடந்தால் கூட்டி அள்ளி வைத்தால் அடுத்த பனிக்கு ஆகும்.

அம்மா இந்த விண்டருக்கு மறுபடியும் வருகிறார். வாசலில் நான் உப்புப் போடத்தான் போகிறேன். இந்த முறை மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு காபி மக்கும், ஒரு வாளி மணலும், ஒரு துடைப்பமும் இருக்கும்.