வெயிலும் காற்றும் யாருக்குச் சொந்தம்?

வெயிலுக்கும் காற்றுக்கும் பட்டா கிடையாது. ஆனால், அவற்றை மின்சாரமாக்கும் யந்திரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. லாபமும் அவரையே சேருகிறது. ஊருக்கு மிஞ்சுவது என்ன என்பதை அங்கத்தினர்கள் யோசித்தல் வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அதற்குச் சுமார் 2,500 ஏக்கர் நிலம் சென்றது. இத்தகைய நிலையங்களுக்கு நிலம் விற்றவருக்கு ஒரு முறை கிரயம் கிடைக்கிறது. அந்நிலத்தில் களையெடுத்த கூலியாளுக்கும், ஆடு மேய்த்தவருக்கும் அதுவும் இல்லை.

வேறு வழியும் உண்டு. அதே 2016-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் விவசாயிகள் அறுவர் சூரிய சக்திக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். தம் பம்புகளுக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை விற்றனர். வெயிலும் ஒரு விளைச்சலாயிற்று. முதலில் பெரும்பகுதி அவர்களுக்கு வெளியுதவியாகக் கிடைத்தது உண்மையே. ஆயினும், கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் தன் சேமிப்புடன் பாங்குக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை வாங்கியதை மறக்கலாகாது.

பம்பு உடையவர் மட்டும் கூடினால் நியாயம் பாதிதான். நிலமற்ற கூலியாளும் நெசவாளியும் சிறு தவணைகளில் பங்குத்தொகை செலுத்திச் சேர வழி வேண்டும். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஓட்டு ஒன்று என்பதே கூட்டுறவின் அடிப்படை.

கிரயப் பத்திரம் எழுதுமுன் ஊரார் கூடி இதைப் பேசட்டும். கையெழுத்திட்ட பின் பேசிப் பயனில்லை.